ஃபியூஸ் போனால் முதலில் ‘ஏன்?’ என்று கேட்போம்

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் இருந்து எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வந்து சேர்ந்தது. ஆள் உயரம் இருக்கும். பிளைவுட் உடம்பு, உள்ளே தொலைக்காட்சி போன்ற படக்குழாய், கீழே இரண்டு கைப்பிடிகள், வண்ண வண்ணப் பொத்தான்கள், முழங்கால் உயரத்தில் காசு போடும் துளை. 1990-களில் பள்ளிக்குப் போனவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடைக்குள், ஒரு ரூபாய் காசோடு நம் வகுப்புத் தோழர்கள் காணாமல் போனது இந்தப் பெட்டிகளுக்கு முன்னால்தான்.

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தை அப்படி ஒரு கடை வைத்திருந்தவர். கடையை மூடியபின் பெட்டி முந்திரி மூட்டைகளுக்கு நடுவே கொட்டகையில் கிடந்தது. “காயலான் கடைக்குப் போடறதுக்குப் பிள்ளைங்க பிரிச்சுப் பார்க்கட்டும் டீச்சர்” என்று டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதில் இருந்தது காப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் ‘முஸ்தபா கேம்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1987-இல் ஒரு மாபெரும் டைனோசருக்கு ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். அதை வகுப்பில் கேட்டிருந்த மாணவர்களுக்கு டைனோசர் ஓடும் பெட்டி என்றதும் நிலைகொள்ளவில்லை.

பெட்டி வேலை செய்யவில்லை. இரண்டு நாளில் பள்ளி அறிவியல் கண்காட்சி. அதற்குள் ஓடவைத்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். அந்த அவசரத்தில் நான் செய்த தவறும், அதிலிருந்து நானும் மாணவர்களும் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. வீடியோ கேம் பெட்டி எல்லாப் பள்ளிக்கும் கிடைக்காது. ஆனால் ஒலிபெருக்கி, ஆய்வக மின்வழங்கி, மின்மணி என்று ஃபியூஸ் உள்ள ஏதோ ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது.

நான் செய்த தவறு

பின்பலகையைக் கழற்றியதும் மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஃபியூஸ் கூடு தெரிந்தது. அதன் அருகே ‘2 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருந்தது. திறந்து பார்த்தால் கண்ணாடிக் குழாய் ஃபியூஸைச் சுற்றி சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் சுருட்டப்பட்டிருந்தது. அதுவும் ஒரு பக்கம் எரிந்துபோயிருந்தது. கூட்டிலிருந்து உள்ளே போன ஒயரின் உறை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது.

இந்த மூன்று தடயங்களும் என் கண்ணில் பட்டன. ஆனாலும் நான் யோசிக்கவில்லை. கடைக்கு ஆள் அனுப்பிப் புதிய 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு வாங்கிவரச் சொன்னேன். ஒன்றைப் போட்டு, மாணவர்களைத் தள்ளி நிற்கவைத்து, சுவிட்சைப் போட்டேன். ‘டப்’ என்று ஒரு வெளிச்சம். குழாய் கறுத்துவிட்டது. ‘ஒருவேளை மட்டமான ஃபியூஸாக இருக்கும்’ என்று இரண்டாவதையும் போட்டேன். அதுவும் அப்படியே போனது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்னால் வந்தான். “டீச்சர், ஒயர்ல இருந்து ரெண்டு இழை உருவி முறுக்கிக் கட்டிட்டா போகவே போகாது. எங்க மோட்டார் கொட்டாயில நான்தான் கட்டுவேன்” என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நொடி எனக்குச் சரி என்றே தோன்றியது. அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. அவன் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

நல்லவேளையாக, கண்காட்சிக்கு ஒலிபெருக்கி கட்ட வந்திருந்த ரேடியோ மெக்கானிக் பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, ஃபியூஸ் கெட்டுப்போகலை. அது வேலையைச் செஞ்சிருக்கு. ஏன் செஞ்சதுன்னு பாருங்க” என்றார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். அன்று வேலை அதோடு நின்றது.

இரண்டு இழையின் கணக்கு

அடுத்த நாள் முதல் பாடவேளையில் பெட்டியைத் தொடவில்லை. கரும்பலகைக்குப் போனோம்.

பாடநூலில் மின் உருகி என்கிறோம், கடையில் ஃபியூஸ் என்கிறோம். சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மிக மெல்லிய பகுதி அது. அளவுக்கு மீறி மின்னோட்டம் வந்தால் முதலில் உருகி, மற்றவற்றைக் காக்கும். கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் நாம் நடத்தும் ஜூல் வெப்ப விதி அதுதான். மின்னலிலிருந்து தந்திக் கருவிகளைக் காக்க இடையில் மெல்லிய கம்பியைச் சேர்க்கலாம் என்று பிரான்சின் பிரெகே 1847-இலேயே சொல்லியிருக்கிறார். விளக்குச் சுற்றுகளுக்கான ஃபியூஸ் கட்டைக்கு எடிசன் 1890-இல் காப்புரிமை பெற்றார்.

இப்போது மாணவன் சொன்ன ஒயர் இழைக்கு வருவோம். கடையில் ‘இருபத்துமூணு எழுபத்தாறு’ என்று கேட்டு வாங்கும் ஒயரில் 23 செம்பு இழைகள் இருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் 0.0076 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.19 மி.மீ. ஒரு கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்கு வில்லியம் பிரீஸ் என்ற பொறியாளர் தந்த வாய்பாடு ஒன்று உண்டு. செம்புக் கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, மீண்டும் 80-ஆல் பெருக்க வேண்டும். மாணவர்களே கணக்கிட்டார்கள். ஓர் இழைக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 7 ஆம்பியர். இரண்டு இழைக்கு 14.

2 ஆம்பியருக்கு மேல் நீடிக்கக் கூடாத இடத்தில் 14 ஆம்பியர் வரை போகலாம் என்றால், மின்னோட்டம் 7 மடங்கு. வெப்பமோ 49 மடங்கு! கணக்கைப் போட்டு முடித்த மாணவி, உறை உதிர்ந்த அந்த ஒயரைத் தானாகவே திரும்பிப் பார்த்தாள். “அப்போ, ஃபியூஸுக்குப் பதிலா இந்த ஒயர் உருக ஆரம்பிச்சிருக்கு, டீச்சர்” என்றாள். தடித்த கம்பியைக் கட்டினால் ஃபியூஸ் உருகாது என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக வேறொன்று உருகும். அது பிளைவுட்டை ஒட்டிய ஒயராக இருக்கலாம். கூரை வீட்டில் கீற்றை ஒட்டிய ஒயராகவும் இருக்கலாம்.

கறுத்த குழாய் சொன்ன செய்தி

உருகிய ஃபியூஸை உடனே குப்பையில் போடாதீர்கள். அதன் தோற்றமே ஒரு தடயம்.

இழை நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால் சுமை சற்றே அதிகமாகி, மெதுவாகச் சூடேறி அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கண்ணாடி முழுவதும் கறுத்தோ, கண்ணாடி முகம் பார்ப்பதுபோல் வெள்ளி பூசியோ இருந்தால் இழை ஆவியாகிவிட்டது என்று பொருள். அது குறுக்குச் சுற்றின் அடையாளம். முதல் வகை என்றால் சுமையை ஆராய வேண்டும். இரண்டாம் வகை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை மின்சாரமே கொடுக்கக் கூடாது. என்னிடம் இருந்த இரண்டு குழாய்களும் இரண்டாம் வகை. இரண்டாவது ஃபியூஸை நான் வீணாக்கியிருக்கவே வேண்டாம்.

பார்வைக்கு நன்றாக இருக்கும் ஃபியூஸும் கெட்டிருக்கலாம். மூடிக்குள் இழை விட்டுப்போயிருக்கும். ஆகவே மல்டிமீட்டரில் சோதிக்க வேண்டும். கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபியூஸைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, மின்தடை அளவில் வைத்துப் பாருங்கள். நல்ல ஃபியூஸ் ஏறத்தாழச் சுழி காட்டும். கூட்டுக்குள் வைத்தே அளந்தால் மற்றப் பகுதிகள் வழியாகத் தவறான அளவு வரக்கூடும்.

மாற்று வாங்கும்போது மூடியில் பொறித்திருப்பதைப் படிக்க மாணவர்களைப் பழக்கலாம். ஆம்பியரும் வோல்ட்டும் இருக்கும். கூடவே ஆங்கில ‘டி’ அல்லது ‘எஃப்’ எழுத்து இருக்கும். ‘எஃப்’ என்றால் உடனே அறுவது. ‘டி’ என்றால் சிறிது தாமதித்து அறுவது. மின்மாற்றியோ படக்குழாயோ உள்ள கருவிகள் சுவிட்ச் போட்ட கணத்தில் மட்டும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அங்கே ‘எஃப்’ வகையைப் போட்டால் கோளாறு இல்லாமலே அறுந்துவிடும். ‘பெரிய ஆம்பியர் போட்டால் நிற்கிறது’ என்று நாம் முடிவுகட்டும் பல இடங்களில் உண்மையில் வேண்டியது அதே ஆம்பியரில் ‘டி’ வகைதான். பீங்கான் குழாயில் மணல் நிரப்பியது இருந்த இடத்தில் கண்ணாடி ஃபியூஸைப் போடக் கூடாது. மணல், பெரும் குறுக்குச் சுற்றில் எழும் மின்பொறியை அணைப்பதற்காக இருப்பது.

பிரித்துப் பிரித்துத் தேடுதல்

அன்று மதியம் பெரியவர் வந்தார். ஒரு பலகையில் 100 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் பாயிண்ட்டும் இருந்தன. சீரிஸ் போர்டு என்றார். பல்பு வழியாகத்தான் கருவிக்கு மின்சாரம் போகும். தொடரிணைப்பு. கருவியில் குறுக்குச் சுற்று இருந்தால் முழு மின்னழுத்தமும் பல்புக்கே கிடைத்து அது பளிச்சென்று எரியும். கருவி நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கும். எப்படி இருந்தாலும் 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே விடும் என்பதால் எதுவும் வெடிக்காது. தொடரிணைப்பை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். அதன் பயனை இவ்வளவு தெளிவாக நான் காட்டியதில்லை.

பெட்டிக்குள் வரும் மின்சாரம் மூன்றாகப் பிரிந்தது. ஒன்று தலைப்புப் பலகைக்குப் பின்னாலுள்ள டியூப் லைட்டுக்கு. இரண்டாவது விளையாட்டுப் பலகைக்கு 5 வோல்ட், 12 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு. மூன்றாவது படக்குழாய் உள்ள மானிட்டருக்கு. பெரியவர் பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மூன்றையும் கழற்றினார். பிறகு ஒவ்வொன்றாக இணைத்துச் சீரிஸ் போர்டில் சோதித்தார். மாணவர்கள் கயிறு கட்டிய கோட்டுக்கு வெளியே நின்று, முதலில் ஊகத்தை எழுதினார்கள், பிறகு கண்டதை எழுதினார்கள். டியூப் லைட்: பல்பு மங்கியது. எஸ்.எம்.பி.எஸ்.: எரிந்து மங்கியது. மானிட்டர்: பல்பு முழு வெளிச்சத்தில் நின்றது.

கோளாறு பெட்டியில் எங்கோ என்பது மூன்றில் ஒரு பகுதிக்குள் சுருங்கிவிட்டது. இதுதான் கோளாறு தேடும் முறையின் சாரம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகப்படாமல், நன்றாக இருப்பது எது என்று நிரூபித்து நிரூபித்து ஒதுக்குவது. அறிவியல் முறையில் மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று நாம் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படக்குழாய் உள்ள பழைய டிவி, மானிட்டர் எதையும் மாணவர்களோ நாமோ திறந்து கைவைக்கக் கூடாது. படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயிலும் பெரிய மின்தேக்கியிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அந்தப் பகுதியைப் பெரியவர் மட்டுமே தொட்டார். மின்னூட்டத்தை முறைப்படி வெளியேற்றிய பிறகே தொட்டார். எங்கள் மாணவர்கள் மல்டிமீட்டர் பிடித்தது பேட்டரியிலும் கழற்றி வைத்த உதிரிகளிலும்தான்.

அகப்பட்ட காரணம்

மானிட்டர் பலகையில் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கும் நான்கு டயோடுகளைப் பெரியவர் கழற்றித் தந்தார். டயோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும் என்பதை மாணவர்கள் மூன்றில் கண்டார்கள். நான்காவது டயோடு, மீட்டர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் சுழியே காட்டியது. கதவாக இருக்க வேண்டியது வெறும் துளையாகிவிட்டது. குறுக்குச் சுற்றின் காரணம் அதுதான்.

ஆனால் பெரியவர் அதோடு விடவில்லை. “மானிட்டர் போர்டுல தனியா ஒரு ஃபியூஸ் இருக்கணுமே, அது ஏன் முதல்ல போகலை?” என்று மாணவர்களையே கேட்டார். தேடினோம். அந்தச் சின்ன ஃபியூஸின் இடத்தில் யாரோ எப்போதோ ஒரு தடித்த கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். உள்ளே காவல் இல்லாததால் பாதிப்பு வாசல்வரை வந்திருக்கிறது. வாசலில் இருந்த ஃபியூஸ் அறுந்ததும் அதற்கும் வெள்ளித்தாள் சுற்றியிருக்கிறார்கள். பிறகு ஒயர் கருகியிருக்கிறது. முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை படிப்படியாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

பின்பலகையின் காற்றுத் துளைகளைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. உள்ளே சுண்ணாம்புக்கல் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. வெப்பம் வெளியேறாததும் டயோடு கெட உதவியிருக்கலாம் என்றார். தூசியைத் தூரிகையால் துடைத்து, துளைகளைத் திறந்து, நான்கு டயோடுகளையும் புதிதாக மாற்றி, கருகிய ஒயரை நீக்கி, மானிட்டருக்கு முறையான ஃபியூஸ் கூடு வைத்த பிறகுதான் வாசல் ஃபியூஸைப் போட்டோம். அதே 2 ஆம்பியர், ‘டி’ வகை. முதலில் சீரிஸ் போர்டு வழியாக, பல்பு மங்கியதைப் பார்த்த பிறகு நேராக. ஃபியூஸ் நின்றது. திரை ஒளிர்ந்தது.

படம் வந்தது, விளையாட்டு வரவில்லை

திரையில் கலைந்த கட்டங்கள்தான் தெரிந்தன. “மறுபடியும் ஃபியூஸா?” என்றான் ஒருவன். ஃபியூஸ் போயிருந்தால் ஒளியே வந்திராது என்று பக்கத்திலிருந்தவளே பதில் சொன்னாள். விளையாட்டுப் பலகையை இணைக்கும் செருகியில் பெரியவர் அளந்தார். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.5 தான் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். வாயிலில் சரியாக 5 இருந்தது. அப்படியானால் இழப்பு நடுவில். 1980-களின் நடுவில் ஜப்பானில் உருவான ‘ஜாமா’ என்ற பொதுமுறைப்படி, பலகையின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 ஆக 56 தொடுமுனைகள் இருக்கும். அவை களிம்பேறிக் கறுத்திருந்தன. பலகையைக் கழற்றிக் கொடுத்ததும் மாணவர்கள் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தார்கள். மீண்டும் செருகியதும் டைனோசர் வந்துவிட்டது.

கடைசிச் சிக்கல் காசு. ஒரு ரூபாயைப் போட்டால் விழுந்து ஓடியது, ஆட்டம் தொடங்கவில்லை. இப்போதுள்ள நாணயத்தையும் பெட்டி தந்தவர் கொடுத்த பழைய நாணயத்தையும் அளவுகோலில் வைத்தார்கள். 1990-களின் ரூபாய் 25 மி.மீ. விட்டம், இப்போதையது அதைவிடச் சிறியது. சின்ன நாணயம் உள்ளே உள்ள நெம்புகோலைத் தொடாமலே போய்விடுகிறது. இயந்திரத்தில் கோளாறே இல்லை.

அப்போது மாணவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னேன். 1972-இல் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்ற விளையாட்டின் முதல் பெட்டியை அமெரிக்காவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கூடத்தில் சோதனைக்கு வைத்தது. சில நாளில் பெட்டி நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. அதை வடிவமைத்த ஆலன் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். சுற்றில் பழுது எதுவும் இல்லை. காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது! எளிய காரணத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

மோட்டார் கொட்டகை

பெட்டி ஓடிய மகிழ்ச்சியில் எல்லாரும் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, பெரியவர் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனை அருகில் அழைத்தார். “தம்பி, மோட்டார் கொட்டாயில நீதான் கட்டுவேன்னு சொன்னியே. எப்போ கட்டுவே?” என்றார்.

“ராத்திரிதான் தாத்தா. த்ரீ பேஸ் ராத்திரிதானே வருது. அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஃபியூஸ் போனா நான்தான் டார்ச்சைக் கடிச்சுக்கிட்டுக் கட்டுவேன்.”

“எத்தனை இழை?”

“ஏழெட்டு. அப்பத்தான் நிக்கும்.”

எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் கற்ற கணக்குப்படி எட்டு இழை 50 ஆம்பியரைத் தாண்டும். வாய்க்கால் ஈரத்தில் வெறுங்காலோடு, மும்முனை மின்சாரம் வரும் பெட்டிக்கு முன்னால், வாயில் டார்ச்சோடு நிற்கும் பதினான்கு வயதுப் பையன். முதல் பாடவேளையில் தூங்குகிறான் என்று நான் பலமுறை எழுப்பி நிற்கவைத்த பையனும் அவன்தான். அந்தத் தூக்கத்துக்கும் நான் ‘ஏன்?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, நானும் பெரியவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தந்தை கோபப்படவில்லை. “வேற யாரும் இல்லைங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லப் போகவில்லை என்று சொல்லி, கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். மறுநாள் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஃபியூஸ் கட்டையின் பிடிப்பு தளர்ந்து கருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் தோன்றிய சூடே கம்பியை அடிக்கடி உருக்கியிருக்கிறது. எட்டு இழை கட்டியதால் அது மறைந்துகொண்டது, தீரவில்லை. மூன்று கட்டைகளையும் மாற்றி, மோட்டாருக்கு உரிய ஃபியூஸ் கம்பி கட்டிய பிறகு இரவில் ஃபியூஸ் போவது நின்றுவிட்டது.

இன்னும் சில இரவுகள் அவன் தந்தைக்குத் துணையாக வயலுக்குப் போகிறான். ஃபியூஸ் கட்டையைத் தொடுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். இரவு போன மறுநாள் காலை, வருகைப் பதிவின்போதே என்னிடம் சொல்லிவிடுவான். முதல் பாடவேளையில் அவனை நான் எழுப்பி நிற்கவைப்பதில்லை. விட்ட பாடத்தை மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் வகுப்பில் செய்ய

230 வோல்ட் இல்லாமலே இதைக் கற்பிக்கலாம். அலுமினியத் தாளில் ஒரு பட்டையை வெட்டி, நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சுக்குப் போடும் பெரிய 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, ஒரு டார்ச் பல்பு, இந்தப் பட்டை மூன்றையும் தொடராக இணையுங்கள். பல்பு எரியும், பட்டைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் இடுப்புப் பகுதி அறுந்துவிடும். பட்டையை ஓட்டுத் துண்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். கம்பியை ஆசிரியரே தொடவைப்பது நல்லது. அடுத்து இடுப்பு இல்லாத அகலமான பட்டையை வைத்து அதையே ஓரிரு நொடி மட்டும் செய்து காட்டுங்கள். பட்டை அறாது. மின்கலமும் கம்பியும் சூடேறத் தொடங்கும். தடித்த கம்பி கட்டினால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, வீட்டுக் கணக்கெடுப்பு. எதையும் தொடாமல், ‘எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் யார் மாற்றுகிறார்கள், எதைக் கட்டுகிறார்கள்?’ என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நான் கேட்டபோது ‘நான்தான்’ என்று எழுதியவர்கள் வகுப்பில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூன்று வீட்டுப் பெற்றோரிடமும் பேசிவிட்டேன்.

கண்காட்சிக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று முஸ்தபாவை ஆடினார்கள். பெட்டியின் பக்கத்தில் மாணவர்கள் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். வெள்ளித்தாள் சுற்றிய பழைய ஃபியூஸ், நான் வீணாக்கிய இரண்டு கறுத்த குழாய்கள், உறை உதிர்ந்த ஒயர், கெட்ட டயோடு ஆகியவற்றை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ‘இது ஏன் போனது?’ என்று எழுதியிருந்தார்கள். என் இரண்டு குழாய்களின் கீழே ‘டீச்சர் அவசரப்பட்டதால்’ என்று இருந்தது. நான் அதை அழிக்கச் சொல்லவில்லை. அந்த அட்டை இப்போதும் எங்கள் ஆய்வகச் சுவரில் இருக்கிறது.